நிவாரணப் பணம் போன வழி

மழை பொய்த்து விளைவு அழிந்த காலத்தில் குடியானவனுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்ய வேண்டும் என்பதை இக்காலத்தில் மறுப்பார் அரியர். ஆயினும், கொடுக்கப்படும் தொகை எவ்வளவு என்று விசாரிப்பவர்கள் பலராயிருக்க, அத்தொகை எவர் கைவழியே சென்று, எந்தக் கணக்கைத் தாண்டி, உழுதவன் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேருகிறது என்று விசாரிப்பவர்கள் சிலராகவே இருக்கின்றனர். சட்டசபையில் ஒதுக்கப்படும் பணத்துக்கும் வயலில் நிற்பவன் கையில் விழும் பணத்துக்கும் இடையே கணக்குப் புத்தகத்துடன் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். அவன் எவருடைய ஆள் என்பதைப் பொறுத்தே நிவாரணம் பயன்படுவதும் பாழாவதும் ஆகும்.

இவ்வுண்மையை நன்கு விளக்குவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஆர்க்கன்ஸா மாகாணத்துக் குடியானவர்களின் சரித்திரம். அதனை ஈண்டுச் சுருக்கி எழுதுகிறோம். கடலுக்கப்பாலுள்ள பருத்திக்காட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். செக்ரோலில் பேர் பதிந்து, கடையில் பற்று வைத்து, சம்பள நாளன்று பிடித்தம் போக மிச்சத்தைக் கையில் வாங்கியறிந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது அயலார் கதையாகத் தோன்றாது. அத்தகைய கணக்கை எழுதும் தொழிலிலிருக்கும் நமக்கோ, இது சற்று அதிகமாகவே உறைக்கும் கதையாகும்.

பதினாயிரம் வெள்ளி விதை

பஞ்சத்தில் வாடும் குடியானவனுக்குப் பொதுக் கஜானாவிலிருந்து உதவுதல் தகாது என்பதே அமெரிக்க அரசியல் தலைவர் பலரின் நெடுநாளைய கொள்கையாயிருந்தது. 1886ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்தில், கவுண்டி என்று அங்கு வழங்கும் ஜில்லாக்கள் பலவற்றில் மழையின்றிப் பயிர் கருகிற்று. அடுத்த போகத்துக்கு விதையும் அற்றுப்போன குடியானவர்களுக்கு விதை வாங்கிக் கொடுப்பதற்காக 10,000 அமெரிக்க வெள்ளி ஒதுக்கும் மசோதா ஒன்றைக் காங்கிரஸ் மகாசபை நிறைவேற்றியது. 1887 பிப்ரவரி 16ந் தேதி ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்ட் அம்மசோதாவைக் கையொப்பமிடாமல் திருப்பியனுப்பினார். ஜனங்கள் அரசாங்கத்தைத் தாங்க வேண்டுமேயன்றி அரசாங்கம் ஜனங்களைத் தாங்குவது முறையன்று என்பதும், துன்பமுற்றோர்க்குச் சகமக்களின் அன்பும் தர்ம சிந்தையுமே துணையாகும் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய நியாயத்தின் சாரம்.

இதனைக் கல்நெஞ்சரின் பேச்சு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நேர்மையாகாது. கிளீவ்லாண்ட் தகுதியற்றவை என்று தாம் கருதிய பென்ஷன் மசோதாக்கள் நூற்றுக்கணக்கானவற்றையும் மறுத்தவர். பொதுப்பணம் செல்வாக்குள்ளவர் வீட்டுப் பணமாகிவிடும் என்னும் அச்சம் அவருக்கு மெய்யாகவே இருந்தது. ஆனால், அண்டை அயலாரின் வயல்களும் கூடவே கருகியிருக்கையில் அவர்களுடைய அன்பு எதை அள்ளிக் கொடுக்கும் என்னும் கேள்விக்கு அவருடைய நியாயத்தில் விடையில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே கேள்வி ஆர்க்கன்ஸாவில் மறுபடியும் எழுந்தது.

வாரக்குடியின் நிலைமை

ஆர்க்கன்ஸா 75 ஜில்லாக்களைக் கொண்டது. அதன் கிழக்குப் பகுதி மிஸிஸிப்பி நதியை அடுத்த வண்டல் பூமி, பருத்திக்குப் பேர்போனது. அங்கே நிலம் சிலருக்குச் சொந்தமாயிருந்தது, உழைப்போ பலருடையது. கறுப்பரும் ஏழை வெள்ளையருமாகிய வாரக்குடிகள், நிலச்சுவான்தார் கொடுத்த ஏரையும் கோவேறு கழுதையையும் கொண்டு உழுது, விளைந்த பருத்தியில் பாதியை அவருக்குக் கொடுத்து வந்தனர். விதைப்புத் தொடங்கி அறுவடை மட்டும் உண்பதற்கு வேண்டிய சோளமாவையும் உப்பிட்ட பன்றியிறைச்சியையும் நிலச்சுவான்தாரின் கடையிலோ ஊர் வியாபாரியின் கடையிலோ பற்றில் வாங்குவர். அப்பற்றுக்கு வட்டி உண்டு. இன்னும் விளையாத பயிரே அதற்கு ஈடு. அறுவடையான பின் பருத்தியை விற்பவரும் நிலச்சுவான்தாரே. கணக்கைக் கூட்டுபவரும் அவரே. மிச்சம் இவ்வளவு என்று சொல்பவரும் அவரே. கணக்கு வாசிக்கத் தெரியாதவனும், வாசிக்கத் தெரிந்தும் கேட்கத் துணியாதவனும் பழைய கடனோடு புது வருஷத்துக்குள் புகுவார்கள்.

இத்தகையோர்மீது மூன்று இடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1927ல் மிஸிஸிப்பி நதியின் பெருவெள்ளம் வந்தது. 1929ல் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. அவ்வாண்டு ராத்தல் 16 காசுக்கு மேல் விற்ற பருத்தி 1931ல் 6 காசுக்குங் கீழே இறங்கிவிட்டது. இவற்றினிடையே 1930ஆம் ஆண்டுக் கோடையில் மழை தவறிப் பருத்தியும் சோளமும் காய்கறித் தோட்டமும் ஒருங்கே காய்ந்தன. அவ்வாண்டு நவம்பரில் மாகாணத்துப் பாங்கிகள் பல கதவடைத்தன. வாரக்குடிக்குக் கடன் கொடுத்து வந்த நிலச்சுவான்தாருக்கும் வியாபாரிக்குமே கடன் கொடுப்பார் இல்லாமற் போயிற்று. ஆகவே கடையில் பற்று நின்றது. பற்று நின்ற அன்றே வாரக்குடியின் வீட்டில் அடுப்பும் நின்றது.

கழுதைக்குத் தீனி

அக்காலத்து ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர், பசித்தோர்க்கு உணவளித்த கீர்த்தி வாய்ந்தவர். முதல் உலக யுத்தத்தில் பெல்ஜிய மக்களைப் பட்டினியினின்றும் காத்தவர் அவரே. 1921ல் ரஷியாவில் கொடும்பஞ்சம் வந்தபோது, அந்நாட்டுக்குத் தானியமும் விதையும் அனுப்ப 2 கோடி வெள்ளி சர்க்கார் பணத்தைக் காங்கிரஸ் மகாசபை கொடுத்ததும், அவ்வேலையை முன்னின்று நடத்தியவர் ஹூவர் என்பதும் சரித்திரம். அப்படிப்பட்டவர் தம் சொந்த நாட்டுக் குடியானவனுக்குச் சர்க்கார் பணத்தில் நேரே சோறு போட இசையவில்லை. அவ்வாறு செய்தால் ஊராரின் தர்ம சிந்தை வற்றிப்போகும், வாங்குவோரின் சுயமுயற்சியும் கெடும் என்று அவர் உறுதியாக நம்பினார். உணவளிக்கும் பொறுப்பைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் விட்டார்.

1930 டிசம்பரில் இவ்விஷயம் காங்கிரஸ் மகாசபையில் பெரும் விவாதமாயிற்று. ஆர்க்கன்ஸாவைச் சேர்ந்த ஸெனட்டர்களான ஜோஸப் ராபின்ஸனும் தாடியஸ் காரவேயும், கடன் பணத்தைக் கொண்டு மனிதருக்கு உணவு வாங்கவும் இடங்கொடுக்க வேண்டுமென்று வாதாடினர். ஸெனட் சபை 6 கோடி வெள்ளி கேட்டது. ஜனாதிபதி தரப்பு 2½ கோடி போதுமென்றது. கடைசியில் 4½ கோடி வெள்ளி கடன் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஆனால் அப்பணம் விதைக்கும் உரத்துக்கும் கால்நடைத் தீனிக்கும் இவை போன்ற விவசாயச் செலவுக்குமே உரியது; உணவு என்னும் சொல் சட்டத்தினின்றும் நீக்கப்பட்டது.

நேயர்கள் இதனைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். குடியானவனின் கோவேறு கழுதைக்குத் தீனி வாங்கச் சர்க்கார் பணம் கொடுக்கும். அக்கழுதையை ஓட்டுபவனின் பிள்ளைக்கு மாவு வாங்கக் கொடாது! இதற்கும் ஒரு தர்க்கம் இருந்தது. கழுதை உழைத்தால் பருத்தி விளையும். பருத்தி விளைந்தால் கடன் திரும்பிவரும். ஆகவே கழுதைக்குக் கொடுப்பது வியாபாரம். பிள்ளைக்குக் கொடுப்பது தானம். கடன் கொடுத்தவனின் பார்வையில் இத்தர்க்கத்தில் பழுதில்லை. பசித்த பிள்ளை கழுதையைப்போல ஈடாகாது என்பதே இதன் பொருள்.

விண்ணப்பத் தாள் தீர்ந்த நாள்

லோனோக் ஜில்லாவில் இங்கிலாந்து என்னும் பெயருடைய சிற்றூர் ஒன்று உண்டு. 1931 ஜனவரி 3ந் தேதி, சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் சில நூறு பேர் அவ்வூர்க் கடைத்தெருவில் வந்து கூடினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியைப் பெறுவதற்கு விண்ணப்பத் தாளில் எழுதிக்கொடுக்க வேண்டும். அவ்வூர்க் காரியாலயத்தில் அத்தாள்கள் தீர்ந்துவிட்டன. தாளில்லாமல் உணவில்லை என்றாயிற்று. பிள்ளைகள் பசித்திருக்கின்றன, உணவில்லாமல் வீடு திரும்ப மாட்டோம் என்று வந்தவர்கள் கூறினர். ஊர் வியாபாரிகள் கலந்து பேசித் தங்கள் கடைகளிலிருந்து உணவுப் பண்டங்களை எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பேரில் கூட்டம் கலைந்தது. அடியில்லை, வெட்டில்லை, துப்பாக்கி வெடிக்கவும் இல்லை. எனினும் மறுநாள் தேசத்துப் பத்திரிகைகளில் இது சோற்றுக் கலகம் என்று பெருஞ்செய்தியாயிற்று. வில் ராஜர்ஸ் என்னும் கீர்த்திபெற்ற ஹாஸ்ய நடிகர் அவ்வூருக்கே நேரில் சென்று பார்த்து, பின்னர் பல நகரங்களில் கூட்டம் நடத்திப் பஞ்சநிதி திரட்டினார்.

பசியும் இருந்தது, பண்டமும் கடையில் இருந்தது, கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கமும் இருந்தது. அச்சிட்ட தாள் இல்லாமையால் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. காரியாலயத்தில் வேலை பார்ப்பவர் எவரும் மறக்கத்தகாத செய்தி இது. தாள் என்பது பண்டம் தவறான கைக்குப் போகாமற் காப்பதற்கு ஏற்பட்டது. சரியான கைக்கும் போகாமல் அது தடுக்குமாயின் அதனை ஒதுக்கிவைக்கும் துணிவு அங்கே இருப்பவனுக்கு வேண்டும். அன்று அத்துணிவு காரியாலயத்துக்கு வரவில்லை, கடைக்காரர்களுக்கு வந்தது.

இதன்பின், செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சர்க்கார் 2½ கோடி வெள்ளி கொடுக்க வேண்டுமென்று ராபின்ஸன் ஒரு யோசனை கொண்டுவந்தார். சங்கத் தலைவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். சர்க்கார் பணம் வந்தால் பொதுமக்கள் நன்கொடை நின்றுவிடும் என்பது அவர்களுடைய அச்சம். நன்கொடையாக ஒரு கோடி வெள்ளி திரட்டுவதற்கு வேண்டுகோள் விடப்பட்டது. பிப்ரவரியில் இரு கட்சியாரும் ஒருவாறு சமாதானமாகி, விவசாயப் புனருத்தாரணம் என்னும் பெயரால் மேலும் 2 கோடி வெள்ளி கடனுக்கு ஒதுக்கினர். உணவு என்று வெளிப்படையாகச் சொல்லாமல் உணவுக்கும் இடம் வைத்த சொல் அது. இரு தரப்பாருடைய கௌரவமும் காப்பாற்றப்பட்டது.

நிலச்சுவான்தாரின் கையொப்பம்

இனி, அக்கடன் வாரக்குடிக்கு எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். கடன் வேண்டுவோன் தன் பயிரைச் சர்க்காருக்கு முதல் ஈடாக எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பயிர்மீது நிலச்சுவான்தாருக்கு முன்னமே பாத்தியதை உண்டு. ஆகவே அவர் தமது பாத்தியதையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டால்தான் வாரக்குடிக்குக் கடன் பிறக்கும். கையொப்பமிடுவதும் இடாததும் அவர் சித்தம். சர்க்கார் திறந்துவைத்த கதவின் சாவி, எவருடைய பிடியினின்றும் வாரக்குடி சற்றே விலகக் கூடுமோ அவர் இடுப்பிலேயே தொங்கிற்று.

செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்க் கமிட்டிகளிலும் பெரும்பாலும் நிலச்சுவான்தார்களும் வியாபாரிகளுமே அமர்ந்திருந்தனர். அவர்களுள் இரக்கமுள்ளோர் பலர் இருந்தனர் என்பதை இங்கிலாந்து ஊர்க் கடைக்காரர்களே காட்டிவிட்டனர். ஆனால், இலவசமாக உணவு கொடுத்தால் வேலைக்கு ஆள் வரமாட்டான் என்னும் எண்ணம் கமிட்டிகளிடையே வேரூன்றியிருந்தது. பருத்தி எடுத்து முடியும் வரையில் நிவாரணத்தைத் தொடங்கலாகாது என்று கருதிய கமிட்டிகளும் உண்டு. கூலி கொடுப்பவனே பசிக்கு அளவு குறிப்பவனுமாயிருந்தால், அளவுகோல் எந்தப் பக்கம் சாயும் என்பதற்குச் சாட்சி வேண்டுவதில்லை.

நாலரைக் காசின் பங்கீடு

1933ல் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். சர்க்கார் குடியானவனுக்கு நேரே பணம் கொடுக்கலாகாது என்னும் பழைய கொள்கை அவர் காலத்தில் முறிந்தது. பருத்தி அளவு மிஞ்சி விளைந்ததால் விலை விழுந்தது என்று கண்டு, அவ்வாண்டு மே மாதத்தில் நிறைவேறிய விவசாயச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, விதைத்த பருத்தியில் சுமார் 1 கோடி ஏக்கரை உழுது மடக்குவதற்கும், பின்வந்த ஆண்டுகளில் சாகுபடியைக் குறைப்பதற்கும் சர்க்கார் பணங்கொடுத்தது. இனி வாரக்குடிக்கு விடிவுகாலம் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் 1934-35ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். குறைத்த ஒவ்வொரு ராத்தல் பருத்திக்கும் சர்க்கார் கொடுத்தது 4½ காசு. இதில் 3½ காசு நிலத்துக்கு வாடகை என்று பெயரிடப்பட்டு நிலச்சுவான்தாருக்கே போயிற்று. எஞ்சிய ஒரு காசை விளைவுப் பங்கின்படி பிரித்ததில், பாதி வாரத்துக்கு உழுத குடிக்குக் கிடைத்தது அரைக் காசு. நாலரையில் நாலு காசு ஒருவருக்கு. அரைக் காசு மற்றவருக்கு! அந்த அரைக் காசும் பழைய பற்றில் வரவு வைக்கப்பட்டு மறைந்ததுண்டு. சாகுபடி குறைந்ததால் ஆள் மிஞ்சிற்று. மிஞ்சிய குடிகள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இயன்ற வரையில் குடிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டுமென்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இயன்ற வரையில் என்னும் சொல்லின் வழியே எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன!

இக்கொடுமையின் விளைவாகவே, 1934 ஜூலையில் ஆர்க்கன்ஸாவின் பாயின்ஸெட் ஜில்லாவில் டைரன்ஸா என்னும் ஊருக்கருகே ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் ஒன்றாய்க் கூடித் தென்னாட்டு வாரக்குடிகள் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நிறத்துக்கு நிறம் ஒரே அறையில் உட்காருவதே குற்றமாகக் கருதப்பட்ட நாட்டில் அவர்கள் ஒரே சங்கமாக நின்றனர். பசிக்கும் பற்றுக்கும் நிறமில்லை என்பதை அவர்கள் பிறர் சொல்லிக் கற்கவில்லை. அச்சங்கத்தார் அடியும் உதையும் பட்டனர். விவசாய இலாகாவின் சட்டப் பிரிவில் ஜெரோம் பிராங்க் முதலிய சிலர், ஒப்பந்த விதிக்கு வாரக்குடிகளைக் காக்கும் வகையில் பொருள் செய்தனர். 1935 பிப்ரவரியில் அவர்கள் உத்தியோகத்தினின்றும் நீக்கப்பட்டனர். பிற்காலத்து விதிகள் வாரக்குடிக்கே நேரில் பங்கு கொடுக்க வழிசெய்தபோது, நிலச்சுவான்தார் பலர் வாரக்குடி என்னும் முறையையே விட்டுத் தினக்கூலி ஆட்களை வைத்துக்கொண்டு முழுத்தொகையையும் தாமே பெற்றனர்.

கடன்காரன் தொடமுடியாத ஆறு வெள்ளி

இவ்வாறு எழுதுவதால் சர்க்கார் உதவி யாவும் வீண் என்பது நமது கருத்தென்று எவரும் கொள்ள வேண்டாம். அதே 1934ல் அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் கடும் வறட்சி வந்து புல்லும் நீரும் அற்றுப்போக, சாகும் தறுவாயிலிருந்த மாடுகளைச் சர்க்காரே விலைக்கு வாங்கியது. எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் இவ்வாறு வாங்கப்பட்டன. இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 வெள்ளி வரையில் விலை. மாடுகளில் பெரும்பாலானவை கடனுக்கு ஈடாக எழுதப்பட்டவை. ஆகவே வரும் பணம் முழுவதையும் பாங்கிக்காரனே பிடித்துக்கொள்வான் என்பதைச் சட்டஞ்செய்தோர் முன்கூட்டியே உணர்ந்தனர். அதனால் விலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை ஈட்டுக்குரிய கிரயப் பணமாகவும், மாட்டுக்கு 6 வெள்ளியைக் கடன்காரன் உரிமை கொண்டாட முடியாத உதவிப் பணமாகவும் வைத்தார்கள். அந்த ஆறு வெள்ளி மாட்டுக்காரனின் அடுப்புக்கே உரியது.

நாலரைக் காசுச் சட்டத்தை நடத்திய அதே இலாகா, அதே ஆண்டில், இவ்வேற்பாட்டையும் செய்தது. ஆகவே வழி தெரியாமல் தவறினார்கள் என்று சொல்வதற்கில்லை. கொடுக்கும் பணத்தை இடையிலிருப்பவன் கையினின்றும் காப்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அவ்வாக்கியத்தை ஒரு சட்டத்தில் எழுதினர், மற்றொன்றில் எழுதவில்லை. மாட்டுக்காரன் வாக்குரிமையுள்ளவன், வாரக்குடியோ பெரும்பாலும் தேர்தல் வரி கட்ட இயலாமலும், கறுப்பனாயின் நிறத்தாலும், வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். இரண்டு சட்டங்களின் வேற்றுமைக்கு இதனினும் தெளிவான காரணத்தை நாம் காணவில்லை.

இது பழங்கதையாகவும் முடிந்துவிடவில்லை. 1938ல் பயிர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. பின்னர் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் நஷ்டஈடு கொடுக்கும் திட்டங்கள் பல வந்தன. இவற்றை நடத்துவதில் ஜில்லா தோறும் குடியானவர்களே தேர்ந்தெடுக்கும் கமிட்டிகளுக்குப் பங்குண்டு. கறுப்பர் அக்கமிட்டிகளில் இடம்பெற்றது மிக அருமை. 1981 முதல் 1996 வரையில் தங்களுக்குச் சர்க்கார் கடனும் உதவியும் நிறத்தால் மறுக்கப்பட்டன என்று கறுப்புக் குடியானவர்கள் தொடர்ந்த பிக்போர்ட் வழக்கு 1999ல் சமரசமாயிற்று. வெற்றிபெற்றோர் பெரும்பாலோர்க்கு 50,000 வெள்ளி வீதம் கொடுக்கப்பட்டது. காலங்கடந்து விண்ணப்பித்தோருக்காக 2010ல் மேலும் 115 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. அதற்குள் நிலத்தை இழந்தோர் எத்தனையோ பேர். காலத்தில் கொடுத்திருந்தால் நிலத்தைக் காத்திருக்கக்கூடிய பணம், காலங்கடந்து நஷ்டஈடாக வந்தது.

நாம் கேட்க வேண்டியவை

எந்த நாட்டிலாயினும், வெள்ளத்துக்கோ வறட்சிக்கோ வேலையின்மைக்கோ சர்க்கார் உதவி அறிவிக்கப்படும்போது, தொகையைக் கேட்டுக் கைதட்டுவதோடு நாம் நின்றுவிடலாகாது. கொடுப்பது கடனா, உதவியா? யார் பேருக்குச் செக்கு எழுதப்படுகிறது? எவருடைய கையொப்பம் இல்லாமல் அது செல்லாது? பேர்ப்பட்டியலை எழுதுபவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான்? தன் பேர் விடுபட்டவன் யாரிடம் போய்ச் சொல்வது? இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஜனங்களுக்குச் சிறு தொகையும் பெரும்பயன் தரும். கேட்கத் தெரியாதாரிடம் கோடி வெள்ளியும் பேரேட்டோடு நின்றுவிடும்.

இக்கேள்விகளைக் கேட்பதற்கு முதலில் வேண்டுவது எழுத்தறிவும் கணக்கறிவுமே. ஆர்க்கன்ஸாவின் வாரக்குடி தன் கணக்கைத் தானே வாசித்திருந்தால் மட்டும் விடுதலை அடைந்திருப்பான் என்று நாம் சொல்ல மாட்டோம். வாசித்தறிந்தவர்களையும் அங்கே அடித்து விரட்டினார்கள். ஆனால் பதினெண்மர் ஒன்றாய்க் கூடியபோது, அதுவரை கேளாதிருந்த கணக்கை ஒரு தேசமே கேட்கலாயிற்று. பேர்ப்பட்டியலில் நம் பேர் எந்த வரியில் இருக்கிறது, அதற்கெதிரே எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாமும் நம் பிள்ளைகளும் நம் கண்ணால் பார்த்தறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். பேனா பிடிக்கும் உத்தியோகத்திலிருக்கும் நம்மவர்களும், தாள் தீர்ந்த அன்று பசித்தவனை என்ன செய்வது என்பதை இன்றே யோசித்து வைத்துக்கொள்வது நன்று.